வசவு அட்டை

பிப்ரவரி 9

அண்ணிக்கு,

போன் அடித்தால் எடுப்பதில்லை. எடுத்தாலும் "அவர் தூங்குறார்" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். கிழிப்பதாக இருந்தால் முழுதும் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

வியாழக்கிழமை காலை பயிற்சி அறைக்குப் போகிறேன், அண்ணனின் நாற்காலி காலி. "வீட்டம்மா கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போயிட்டாங்களே, உங்களுக்குத் தெரியாதா?" என்று நர்ஸ் என்னைக் கேட்கிறாள். ஆராய்ச்சி நடத்துவது நான், நோயாளி என் கூடப்பிறந்தவர், எனக்கே தெரியாது! சொந்த அண்ணனைச் சேர்க்கக் கூடாது என்ற நெறிமுறைக் குழுவோடு மல்லுக்கட்டி, மதிப்பெண் போடுவது நான் இல்லை, வெளியாள் ஒருவர் என்று எழுதிக்கொடுத்து அந்த இடத்தை வாங்கினேன். நீங்கள் ஒரே நாளில் மூட்டையைக் கட்டிவிட்டீர்கள்.

கோபத்தில் நீங்கள் காதில் வாங்காததை மறுபடி சொல்கிறேன். பக்கவாதம் அண்ணனின் மூளையில் இடப்பக்கத்தைத் தாக்கியது. வலக்கை பாதி போனது, பேச்சு முழுதும் போனது. ஆனால் இப்படிப் பேச்சு போனவர்களில் சிலருக்குத் தானாக வாயில் விழும் சொற்கள் மட்டும் மிஞ்சும். ஒன்று, இரண்டு என்று எண்ணுவது, பழகிய பாட்டு, வசவு. யோசித்துச் சொல்லும் பேச்சுக்கு ஒரு பாதை, இதற்கு வேறு பாதை. என் ஆராய்ச்சி இதுதான்: தானாக விழுந்த சொல்லை அட்டையில் எழுதிக் காட்டி, அதையே அவர் வேண்டுமென்று சொல்லும்படி பழக்குவது. ஒரு சொல் அவர் வசத்துக்கு வந்தால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அடுத்தது வரும்.

அண்ணனுக்கு மிஞ்சிய சொல் "போடி எருமை". அதை நான் தேர்ந்தெடுக்கவில்லை. வீட்டில் பயிற்சி தரப்போவது நீங்கள் என்பதால் அட்டையை உங்கள் கையில் கொடுத்தேன். நீங்கள் அதைத் தரையில் போட்டுவிட்டுப் போனீர்கள்.

அடிபட்ட மூளை புதிதாகப் பழகிக்கொள்ள அதிகமாக இளகியிருப்பது இந்த முதல் மாதங்களில்தான். அதை வீட்டில் உட்காரவைத்து வீணாக்காதீர்கள். திங்கட்கிழமை கூட்டி வாருங்கள்.

உங்கள் நாத்தனார்

பிப்ரவரி 15

ஆராய்ச்சியாளர் அம்மையாருக்கு,

கடிதம் வந்தது. முழுதும் படித்தேன். கிழிக்கவில்லை. கடிதத்தில் ஒரு வசதி, நீ குறுக்கே பேச முடியாது.

கூட்டி வரமாட்டேன்.

ஏன் என்று கேட்பாய். அந்தப் பயிற்சி அறையில் ஒரு பெரிய கண்ணாடி இருக்கிறது. இந்தப் பக்கம் இருப்பவருக்கு முகம் தெரியும், அந்தப் பக்கம் இருப்பவர் ஒளிந்து பார்க்கலாம். கண்ணாடிக் கடைக்காரியிடமே கண்ணாடி வித்தையா? கண்ணாடிக்கு அந்தப் பக்கத்து அறையில் எவளோ விளக்கைப் போட்டுவிட்டாள், எனக்கு எல்லாம் தெரிந்தது. உன் மாணவிகள் மூன்று பேர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். நான் 'போடி எருமை' என்று எழுதிய அட்டையை என் முகத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். உன் அண்ணன் என்னைப் பார்த்து அதைச் சொல்கிறார். நீ "சபாஷ்" என்று கை தட்டுகிறாய்.

இருபத்தாறு வருடம் அவரோடு ஒரே கடையில் நின்றிருக்கிறேன். அவர் கண் பார்ப்பார், நான் பிரேம் பொருத்துவேன். பொருத்தி முடித்த பிரேமை மூன்றாவது தடவை மாற்றச் சொல்கிற வாடிக்கையாளரிடம்கூட "பாத்துக்கலாம்" என்பாரே தவிர முகம் சுளிக்கமாட்டார். வாயில்லாப் பூச்சி என்றுதான் தெருவில் பெயர். என்னை "ஏம்மா" என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. அப்படிப்பட்ட மனிதருக்கு இத்தனை சொல்லும் போய் இந்த ஒன்று மிஞ்சியிருக்கிறது. பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்த பிறகும் அடியில் ஒட்டிக்கொண்டிருப்பதைத்தானே நாம் கறை என்கிறோம்? அப்படியானால் இத்தனை வருடமும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர் மனதுக்குள் சொல்லிக்கொண்டது இதைத்தானா? இதற்குப் பதில் சொல், பிறகு மூளை இளகுவதைப் பற்றிப் பேசலாம்.

பக்கத்து மருந்துக்கடைக்காரர், "அவர உள்ரூம்ல வெச்சிடுங்கம்மா, வர்றவங்க மொகம் சுளிக்கிறாங்க" என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். உன் அண்ணன் கடை இது. லென்ஸ் பெட்டிக்குப் பக்கத்தில் அவர் ஸ்டூலில் அவர்தான் உட்காருவார். பிடிக்காதவர்கள் கண் மங்கலோடு திரியட்டும்.

என்னைத் திட்டினாலும் அவரை நான்தான் வைத்துக்கொள்வேன். ஆனால் அட்டை பிடிக்கமாட்டேன்.

அண்ணி

பிப்ரவரி 22

அண்ணிக்கு,

சிரித்த மூவரையும் கூப்பிட்டேன். ஒவ்வொருத்தியும் தன் அம்மாவையோ அக்காவையோ நினைத்துக்கொண்டு அதே அட்டையைத் தூக்கிப் பிடித்து நிற்க வேண்டும் என்றேன். ஒருத்தி அழுதுவிட்டாள். இனி அந்தக் கண்ணாடிக்குத் திரை உண்டு. இது சமாதானம் இல்லை, செய்ய வேண்டியதைச் செய்தேன்.

இப்போது உங்கள் கேள்வி. ஆராய்ச்சியாளராகச் சொல்வது இவ்வளவுதான்: அந்தச் சொல் உங்களைப் பார்த்து வரவில்லை. ஆண் நர்ஸிடமும் சொன்னார், ஊசியிடமும் சொன்னார், நின்றுபோன லிப்டிடமும் சொன்னார். நாக்கில் நரம்பில்லாமல் பேசுவது என்பார்களே, அவருக்கு நிஜமாகவே நரம்பு அறுந்திருக்கிறது. கடிவாளம் போனால் குதிரை பழகிய தெருவில்தான் ஓடும், பிடித்த தெருவில் இல்லை.

அந்தத் தெரு எது என்று ஒரு தங்கையாகச் சொல்கிறேன். இதற்கு ஆதாரம் கிடையாது, மூளையைப் படம் எடுத்தால் தெரியாது. நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அப்பா ஓய்ந்துபோயிருந்தார். உங்களை "வாம்மா, உக்காரும்மா" என்பார். தங்கமான மாமனார் என்று இன்றும் சொல்கிறீர்கள். அதற்கு முன் இருந்த அப்பா எங்கள் இருவருக்குத்தான் தெரியும். காப்பி ஆறினால் "போடி எருமை". செருப்பு இடம் மாறினால் "போடி எருமை". அம்மா அறைக்குள் வந்தாலே போதும். அவருக்கு அது வசவுகூட இல்லை, அம்மாவின் பெயர் மாதிரி. எங்கள் காதில் நாள் முழுக்க விழுந்த சொல் அது.

அண்ணனுக்கு மீசை அரும்பிய வயதில் ஒருநாள் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் சொன்னார்: "பாரு வாயாடி, செத்தாலும் இந்த வார்த்தை என் வாய்ல வராது." வரவில்லை. அவர் வாயில்லாப் பூச்சி இல்லை அண்ணி. பல்லைக் கடித்துக்கொண்டிருந்த ஆள். இத்தனை வருடம் அவர் உங்களைப் பார்த்து மனதுக்குள் சொன்ன சொல் இல்லை அது. சொல்லவே மாட்டேன் என்று சத்தியம் செய்த சொல்.

இன்னொன்று. நெறிமுறைக் குழு அந்தச் சொல்லைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்கிறது. 'ஆப்பிள், பந்து, பூ' என்று கண்ணியமான சொற்களாக எழுதிக்கொள்ள வேண்டுமாம். அண்ணன் வாயில் ஆப்பிள் வரவில்லையே, நான் என்ன செய்வது? முடியாது என்று பதில் எழுதிவிட்டேன். இறுதித் தேர்வில் அந்தச் சொல் தேறினால்தான் என் முறை நிலைக்கும், இல்லையென்றால் மூடிவிடுவார்கள். அது என் தலைவலி. உங்களைக் கெஞ்சுவதற்காகச் சொல்லவில்லை.

வாயாடி

மார்ச் 4

வாயாடிக்கு,

உன் கடிதத்தைக் கடையில் நின்றுகொண்டே படித்தேன். படித்துவிட்டுச் சுவரில் இருக்கும் என் மாமனார் படத்தைப் பார்த்தேன். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி அதைக் கழற்றிப் பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். உனக்கு வருத்தமாக இருந்தால் வந்து எடுத்துக்கொண்டு போ.

செத்துப் பதினைந்து வருடமாகிறது அந்த மனிதருக்கு. இப்போது என் புருஷன் வாயில் ஏறி உட்கார்ந்துகொண்டு, என் கடையில், என்னைத் திட்டுவாரா? உன் அம்மா பொறுத்துக்கொண்டாள், அது அவள் காலம். நான் பொறுக்கமாட்டேன். அட்டையை அனுப்பு என்று கேட்கப்போவதில்லை, நானே எழுதிவிட்டேன். பார்வை பார்க்கும் அட்டையின் மேல்வரி எழுத்து அளவுக்குப் பெரிதாக, கறுப்பு மையில். இந்தச் சொல்லைப் பிடித்து வெளியே இழுத்து, கழுத்தில் கயிறு கட்டி, அவர் சொன்னால் வரவும் சொன்னால் போகவும் பழக்காமல் விடமாட்டேன். எப்படிச் செய்ய வேண்டும் என்று சரியாக எழுது. சபாஷ் மட்டும் சொல்லாதே, பற்றிக்கொண்டு வருகிறது.

நேற்று ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் கண்ணாடி மாற்ற வந்தார். உன் அண்ணன் எழுந்து நின்று மரியாதையாக நாற்காலியைக் காட்டி, சிரித்த முகத்தோடு "போடி எருமை" என்றார். டீச்சர் அப்படியே நின்றுவிட்டார். நான், "டீச்சர், உக்காருங்கன்னுதான் சொல்றார். மனசு சரியாத்தான் அனுப்புது, வழியில வார்த்தை மாறிடுது" என்றேன். டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "என் கிளாஸ்ல பாதிப் பேருக்கு மனசே அனுப்பாது, இவர் பரவாயில்ல" என்று உட்கார்ந்துவிட்டார். உன் அண்ணன் கண்ணில் தண்ணீர். அவருக்கு எல்லாம் புரிகிறது. சொன்ன பிறகு தன் வாயையே பார்க்க முடியாதா என்பது போல அவர் முழிப்பதை நான் இத்தனை நாள் கவனிக்கவில்லை. என் கோபம் என் கண்ணை மறைத்துவிட்டது.

அண்ணி

மார்ச் 12

அண்ணிக்கு,

முறை இது. அட்டையைக் காட்டுங்கள். சொன்னால் தலையசையுங்கள். சொல்லாவிட்டால் திருத்தாதீர்கள், எடுத்துக் கொடுக்காதீர்கள், அடுத்த அட்டைக்குப் போங்கள். அவராகவே வேறு எந்தச் சொல்லை விட்டாலும், எப்போது விட்டாலும், உடனே புது அட்டை எழுதுங்கள். நாமாக ஆசைப்பட்டு ஒரு சொல்லைத் திணிக்கக் கூடாது. அவர் வாயில் விழுந்தது மட்டும்தான் அட்டையில் ஏறும். இதில் நீங்கள் உங்கள் இஷ்டத்துக்கு விளையாடினால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

களைத்துப்போனால் நிறுத்துங்கள். அவரோடு நீங்களும் களைப்பீர்கள், அதையும் கவனியுங்கள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று யாராவது கடைக்கு வந்து சொன்னால், அந்தப் பழமொழியைப் பொய்யாக்குவதற்குத்தான் என் நாத்தனார் சம்பளம் வாங்குகிறாள் என்று சொல்லுங்கள்.

குழுத் தலைவர் இன்று என்னை அழைத்து, "ஒரு கெட்ட வார்த்தைக்காக மொத்த ஆராய்ச்சியையும் பணயம் வைக்கிறீங்களே" என்றார். "அது கெட்ட வார்த்தை இல்ல சார், அந்த மனுஷனோட கடைசி வார்த்தை. அதையும் பிடுங்கிட்டா என்ன மிச்சம்?" என்றேன். எழுந்து வந்துவிட்டேன்.

படத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பீரோவுக்குப் பின்னால் நல்ல இடம்தான்.

வாயாடி

ஏப்ரல் 18

வாயாடிக்கு,

ஒரு சேதி. இதைப் போனில் சொன்னால் நான் அழுதுவிடுவேன், நீ 'எந்தச் சூழலில் சொன்னார், தெளிவாகச் சொன்னாரா' என்று கேட்பாய். அதனால் எழுதுகிறேன்.

இன்று காலை ஒரு லாரி டிரைவர் கண் பார்க்க வந்தார். நான் அவர் மூக்கில் சோதனைக் கண்ணாடியை மாட்டி, லென்ஸ் எடுக்கத் திரும்பினேன். அதற்குள் உன் அண்ணன் இடக்கையால் பெட்டியிலிருந்து ஒரு லென்ஸை எடுத்துவிட்டார். தட்டுத் தடுமாறி, டிரைவரின் கன்னத்தில் இடித்து, எப்படியோ அந்த வளையத்துக்குள் போட்டார். பிறகு சுவரில் இருக்கும் எழுத்து அட்டையைப் பார்த்தபடி, "தெரியுதா?" என்றார்.

தெளிவாகச் சொன்னார். பழைய குரலில், பழைய மாதிரி கடைசி எழுத்தை இழுத்துக் கேட்டார். டிரைவருக்கு என்ன தெரியும், பாவம், "கொஞ்சம் மங்கலா இருக்கு சார்" என்றார். உன் அண்ணன் அந்த லென்ஸை எடுத்துவிட்டு அடுத்ததைப் போட்டு, "இப்ப?" என்றார். நான் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். டிரைவர், "ஏன்மா அழறீங்க, என் கண்ணு அவ்ளோ மோசமா?" என்று பதறிவிட்டார்.

புது அட்டைகள் எழுதியாயிற்று. 'தெரியுதா', 'இப்ப', மத்தியானம் 'மேல', 'கீழ'. எல்லாம் கடைச் சொற்கள். நான் எதையும் திணிக்கவில்லை. மாலையில் கண்ணாடி துடைக்கும் துணி கீழே விழுந்ததும் "போடி எருமை" என்றார். அதுவும் இருக்கிறது. ஆனால் இனி தனியாக இல்லை, கூட்டத்தில் ஒன்றாக இருக்கிறது.

மருந்துக்கடைக்காரருக்கு இனிப்பு கொடுத்தேன். முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டார்.

அண்ணி

மே 2

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் என் மரியாதை போய்விடும்.

தேர்வு இருபதாம் தேதி. மதிப்பெண் போடுபவர் கடைக்கே வருவார். கண்டிப்பானவர், என் முகத்துக்காக எதுவும் செய்யமாட்டார். அண்ணன் கற்ற சொற்கள் அத்தனையையும் அவர் அட்டையில் எழுதிக் காட்டுவார், முதல் சொல்லையும் சேர்த்து. காட்டிய அட்டையை அண்ணன் படித்தால் மதிப்பெண், இல்லாவிட்டால் பூஜ்யம். குழு குறிப்பாகக் கேட்டிருப்பது அந்த முதல் சொல்லைத்தான். அண்ணனுக்கு அது தண்ணீர் பட்ட பாடு, தூக்கத்தில்கூடச் சொல்வார். எனக்குக் கவலை இல்லை.

வாயாடி

மே 20

வாயாடிக்கு,

உன் ஆள் வந்தார், போனார். இன்றைக்கே அவர் உனக்குச் சொல்லியிருப்பார், நீ தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். என் வாயிலிருந்தும் கேள்.

கடையைக் கொஞ்ச நேரம் சாத்திவிட்டோம். உன் அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்தார், எதிரே அந்த மனிதர், நான் கல்லாவில். 'தெரியுதா', சொன்னார். 'இப்ப', சொன்னார். 'மேல', 'கீழ', 'தண்ணி', 'வலி', 'பாத்துக்கலாம்', எல்லாவற்றையும் சொன்னார். 'ஏம்மா' என்ற அட்டைக்கு என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார். அது போன வாரம் வந்தது, உனக்கு எழுதவில்லை, எனக்கென்று வைத்துக்கொண்டேன்.

கடைசியாக அந்த அட்டை.

உன் அண்ணன் அதைப் பார்த்தார். வாய் திறந்தது. உதடு கூடியது, 'போ' என்று காற்று மட்டும் வந்தது. நிறுத்தினார். பல்லைக் கடித்தார், கழுத்து நரம்பு புடைத்தது, முகம் சிவந்துவிட்டது. வந்த ஆள், "சொல்லுங்க சார், தெரிஞ்ச வார்த்தைதானே" என்றார். உன் அண்ணன் தலையை ஆட்டினார், மாட்டேன் என்று. இடக்கையை நீட்டி அந்த அட்டையை அவர் கையிலிருந்து வாங்கிக் கவிழ்த்து மேஜையில் வைத்து, அதன் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார். அந்த ஆள் விதிப்படி இன்னொரு அட்டையில் அதையே எழுதிக் காட்டினார். அதற்கும் தலையாட்டல்தான்.

"பதில் இல்ல. பூஜ்யம்" என்றார்.

நான் எழுந்துவிட்டேன். "சார், இவ்ளோ நாளா இந்த வார்த்தைய நிறுத்த முடியாமத் தவிச்சவர் சார் இவர். லிப்ட்டப் பாத்து சொன்னார், டீச்சரப் பாத்து சொன்னார். இப்ப எழுதிக் காட்டி, கெஞ்சிக் கேக்கறீங்க, வாயில வந்தத முழுங்கறார். இது பதில் இல்லையா? இதவிடப் பெரிய பதில் என்ன சார் வேணும்?" என்று கத்தினேன். அவர் நல்ல மனிதர்தான். "எனக்குப் புரியுதும்மா. ஆனா நான் போடற தாள்ல அதுக்கு எடம் இல்ல" என்றார்.

வாயாடி, உன் முறை போனால் போகட்டும் என்று சொல்லும் அளவுக்கு நான் கல் நெஞ்சுக்காரி இல்லை. ஆனால் அவரைத் திரும்ப உட்காரவைத்து அந்தச் சொல்லைச் சொல்ல வைக்கலாம் என்று எண்ணாதே. குழு இல்லை, குழுவின் தாத்தா வந்தாலும் விடமாட்டேன். நான் பிப்ரவரியில் உன்னிடம் ஒரு கேள்வி கேட்டேன். நீ ஆதாரம் இல்லை என்றாய். இன்று அவரே பதில் சொல்லிவிட்டார். உன் தாளில் இடம் இல்லையென்றால் தாளை மாற்று.

அண்ணி

மே 27

அண்ணிக்கு,

பூஜ்யம் பூஜ்யம்தான். மாற்றமாட்டேன். விதியை எழுதியவள் நான், சொந்த அண்ணனுக்காக ஒரு மதிப்பெண்ணைக்கூட நகர்த்தமாட்டேன். அதைச் செய்தால் குழுவுக்கு முன்னால் நான் நிமிர்ந்து நிற்க முடியாது. இன்று நிமிர்ந்துதான் நின்றேன்.

"முதல் சொல் தேறல. அப்ப மூடிடலாமா?" என்று தலைவர் ஆரம்பித்தார். மதிப்பெண் போட்டவர் எழுந்து தேர்வில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். நான் அவரைக் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் சொல்லி முடித்ததும் நான் சொன்னேன்: "சொல்ல முடியுமான்னு அளக்க ஒரு கட்டம் வெச்சேன். நிறுத்த முடியுமான்னு அளக்க வைக்கல. பேச்சு வசத்துக்கு வர்றதுன்னா ரெண்டும்தான். தப்பு அவர் மேல இல்ல, தாள் மேல. புதுத் தாளோட வந்திருக்கேன். மூடறதா இருந்தா இதப் படிச்சிட்டு மூடுங்க." மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஒரு வாரம் அவகாசம் கேட்டிருக்கிறார்கள். ஒத்துக்கொள்வார்களா என்று தெரியாது. மறுத்தால் வேறு நிறுவனத்துக்கு எடுத்துப் போவேன், அங்கேயும் மறுத்தால் அடுத்ததற்கு. கதவுகளுக்கா பஞ்சம்?

அண்ணனிடம் இதைப் படித்துக் காட்டுங்கள், மெதுவாக, அவருக்குப் புரியும்.

அண்ணா, நம்ம அம்மா காதுல தினமும் விழுந்த அந்தச் சொல்ல உன் வீட்டுக்குள்ள வர விடாம ஒரு தடவ நிறுத்தின. அப்ப உனக்கு மூள முழுசா இருந்துச்சு. இப்ப பாதி மூளையோட இன்னொரு தடவ நிறுத்தியிருக்க.

வாயாடி